ரூட்டிங் மென்பொருளை மறுதொடக்கம் செய்த இரவுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்குப் பகுதியில் இயங்கும் ஒரு சிறிய இணையச் சேவை நிறுவனத்தில் நடந்தது இது. எண்ணிக்கையில் வீட்டு இணைப்புகள்தான் அதிகம். ஆனால் நெட்வொர்க் குழுவை நிம்மதியாகத் தூங்கவிடாதவை அலுவலக இணைப்புகள். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் கோடிங் (சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றும் வேலை) செய்துதரும் அலுவலகங்கள் சில அவற்றில் உண்டு. நமக்கு இரவு 2 மணி என்றால் அங்கே பிற்பகல், வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். 'ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு பாக்கப் போறாங்க' என்ற வழக்கமான நினைப்பு இந்த ஊரில் செல்லாது.

நெட்வொர்க்கின் விளிம்பில் இரண்டு ரூட்டர்கள். கட்டடத்தில் அவை இருக்கும் பக்கத்தை வைத்து கிழக்கு, மேற்கு என்றே குழுவினர் அழைக்கிறார்கள். இரண்டும் லினக்ஸ் சர்வர்கள். அவற்றில் ரூட்டிங் வேலையைச் செய்வது பேர்ட் மென்பொருள். பிராக் நகரின் சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகத் தொடங்கி, இப்போது செக் நாட்டின் சிஇசட் நிக் அமைப்பு பராமரிக்கும் திறமூல மென்பொருள் அது. கிழக்கில் சென்னையிலிருந்து வரும் முதல் அப்ஸ்ட்ரீமும் (நமக்கு இணையத்தைத் தரும் பெரிய நிறுவனம்) இணையப் பரிமாற்ற மையத்தின் பியர்களும் (நேரடியாக டிராஃபிக் பரிமாறிக்கொள்ளும் மற்ற நிறுவனங்கள்) இருந்தன. மேற்கில் இரண்டாவது அப்ஸ்ட்ரீம். வெளியே பிஜிபி, உள்ளே ஓஎஸ்பிஎஃப்: ரூட்டர்கள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறைகள் இவை. வாடிக்கையாளர்கள் வந்து சேரும் பிபிபிஓஇ (வாடிக்கையாளர் உள்நுழையும் முறை) சர்வர்கள் முழு ரூட்டிங் டேபிளை, அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியலை, சுமப்பதில்லை. கிழக்கும் மேற்கும் ஓஎஸ்பிஎஃப் வழியாக ஆளுக்கொரு டிஃபால்ட் ரூட் (தனி வழி தெரியாத எல்லாவற்றுக்குமான பொது வழி) கொடுக்கும். கிழக்கின் காஸ்ட் (வழிக்குக் கொடுக்கும் மதிப்பு; குறைந்ததே தேர்வாகும்) குறைவு என்பதால் டிராஃபிக் பெரும்பாலும் அந்தப் பக்கம் போகும்.

இனி வருவதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். பாக்கெட்டுகளை உண்மையில் எடுத்து அனுப்புவது பேர்ட் இல்லை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல். பேர்ட் பக்கத்து ரூட்டர்களோடு பேசி, எந்த முகவரிக்கு எந்த வழி என்று முடிவுசெய்து, கெர்னலின் டேபிளில் எழுதிவைக்கிறது. ஆக, பேர்ட் சில நொடி இல்லாமல் போனாலும் பாக்கெட் ஓட்டம் நிற்கவேண்டிய கட்டாயம் கோட்பாட்டளவில் இல்லை.

முதல் இரவில் பார்த்தது

பேர்டுக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்திருந்தது. இரவு 2 மணிக்குக் கிழக்கில் புதிய பதிப்பை நிறுவினார்கள். நிறுவல் முடிந்ததும் பேக்கேஜ் மேலாளர் தானாகவே சேவையை நிறுத்தித் தொடங்கியது. லாகைப் பார்த்தால் பேர்ட் இல்லாமல் இருந்தது வெறும் 4 நொடி. வேலை முடிந்தது என்று குழு கிளம்பத் தயாரானபோது மெடிக்கல் கோடிங் அலுவலகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது: ஐந்து நிமிடமாக எதுவுமே திறக்கவில்லை, இப்போதுதான் சரியானது.

4 நொடி நின்ற மென்பொருள் எப்படி ஐந்து நிமிடத் தடங்கலைத் தரும்? 'அவங்க பக்கம் வைஃபை பிரச்சினையா இருக்கும்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நெட்வொர்க் தலைவர் அப்படி விடவில்லை. வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஓடும் பிங் (சிறு பாக்கெட்டுகளை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) கண்காணிப்பின் பதிவை எடுத்துப் பார்த்தார். அதில் இரண்டு தனித்தனித் தடங்கல்கள் இருந்தன. முதலாவது முக்கால் நிமிடம். பிறகு சிறிது நேரம் எல்லாம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் இரண்டாவது தடங்கல், மூன்று நிமிடத்துக்கு மேல்.

இரண்டும் ஒரே மாதிரி தெரியவில்லை என்பதுதான் துப்பு கொடுத்தது. முதல் தடங்கலில் பிங்குக்குப் பதிலே இல்லை, வெறும் டைம்அவுட். இரண்டாவதில் பதில் வந்திருக்கிறது: 'அந்த முகவரியை அடைய முடியாது' என்ற மறுப்பு, கிழக்கு ரூட்டரின் சொந்த ஐபி முகவரியிலிருந்தே. பாக்கெட் கிழக்குவரை போயிருக்கிறது. கிழக்குதான் அதை ஏற்க மறுத்திருக்கிறது.

காரணம்

முதல் தடங்கலின் காரணம் எளிது. பேர்டை வழக்கமான முறையில் நிறுத்தினால் இரண்டு காரியம் செய்யும். பக்கத்து ரூட்டர்களுக்கெல்லாம் 'செஷனை முடிக்கிறேன்' (செஷன் என்பது இரு ரூட்டர்களுக்கிடையேயான தொடர் பேச்சு) என்று அறிவிப்பு அனுப்பும். கெர்னல் டேபிளில் தான் எழுதிய ரூட்டுகளை எல்லாம் துடைத்துவிட்டுப் போகும். வாடிக்கையாளரிடம் திரும்பிப் போகும் ரூட்டும் அதில் சேர்ந்தே போய்விட்டதால் மறுப்புச் செய்திகூட வெளியே வர வழியில்லை. அதனால்தான் டைம்அவுட். உள்ளே ஓஎஸ்பிஎஃப் மேற்குக்கு மாறி, வெளியே இணையம் நம் முகவரிகளுக்கு இரண்டாவது அப்ஸ்ட்ரீம் வழியைத் தேர்ந்தெடுத்ததும் எல்லாம் சீரானது. மேற்கு ரூட்டர் இருப்பதே இதற்குத்தான்.

இரண்டாவது தடங்கல் கிழக்கு திரும்பி வந்ததால் வந்தது. ஓஎஸ்பிஎஃப் சீக்கிரம் எழுந்துவிடும். உள்ளே இருக்கும் ரூட்டர்கள் கொஞ்சம்தான். பிஜிபி அப்படியில்லை. அப்ஸ்ட்ரீமிலிருந்து பத்து லட்சம் அளவிலான ரூட்டுகள் வந்து, சலித்து, கெர்னலில் ஏற வேண்டும். அதற்குள் கிழக்கு தன் டிஃபால்ட் ரூட்டை ஓஎஸ்பிஎஃப்-இல் அறிவித்துவிட்டது. ஏனென்றால் அந்த டிஃபால்ட், கான்ஃபிகில் (அமைப்புக் கோப்பில்) கையால் எழுதிய நிலையான ரூட்: 'அடைய முடியாதது' என்ற வகையில் ஒரு டிஃபால்ட்டை எழுதி, அதை ஓஎஸ்பிஎஃப்-க்கு ஏற்றுமதி செய்திருந்தார்கள். பிஜிபி இருக்கிறதோ இல்லையோ, அது எப்போதும் இருக்கும். மேற்கில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த டிராஃபிக்கை, இன்னும் பாதி காலியாக இருக்கும் கிழக்கு தன் பக்கம் இழுத்து, சேருமிடம் தெரியாததை எல்லாம் கீழே போட்டது.

இந்த அமைப்பைப் பல சிறு நிறுவனங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு ரூட்டரும் ஒரு அப்ஸ்ட்ரீமும் இருந்த காலத்தில் எழுதிய வரி அது. இரண்டாவது ரூட்டர் வந்த அன்றே மாற்றியிருக்க வேண்டும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிகில் யார் கை வைப்பார்கள்.

எடுத்த முடிவுகள்

இந்தக் கட்டத்தில்தான் குழு என்னை ஆலோசனைக்கு அழைத்தது. முதலில் செய்தது அந்த டிஃபால்ட்டைச் சரிசெய்வது. முழு டேபிளோடு சேர்த்து ஒரு டிஃபால்ட் ரூட்டையும் அனுப்பும்படி அப்ஸ்ட்ரீமைக் கேட்டு, அது பிஜிபி வழியாக வந்தால் மட்டும் ஓஎஸ்பிஎஃப்-இல் அறிவிக்கும்படி மாற்றினார்கள். கிழக்கு எப்போது டிராஃபிக்கை அழைத்தாலும், அதை வெளியே அனுப்ப ஒரு வழியாவது அதன் கையில் இருக்கும்.

அடுத்தது கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட். பிஜிபிக்கு இதை வரையறுத்தது 2007-இல் வந்த ஆர்எஃப்சி (இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவணம்) 4724. ஓஎஸ்பிஎஃப்-க்கு 2003-இன் ஆர்எஃப்சி 3623. கடைக்காரர் பக்கத்துக் கடையில் 'ரெண்டு நிமிஷத்தில் வந்துடறேன், யார் கேட்டாலும் கடை திறந்திருக்குன்னே சொல்லுங்க' என்று சொல்லிவிட்டுப் போவதுதான் இதன் சாரம். கல்லாவில் பையன் உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் கதையில் பையன், கெர்னல்.

நுட்பமாகச் சொன்னால் இப்படி. செஷன் தொடங்கும்போதே இரு ரூட்டர்களும் 'எனக்கு இந்த வசதி உண்டு, இத்தனை நொடிக்குள் திரும்பி வருவேன்' என்று சொல்லிக்கொள்கின்றன. அந்த நேரம் 12 பிட்டில் வருவதால் அதிகபட்சம் 4095 நொடி. பேர்டின் இயல்பு மதிப்பு 120. செஷன் அறுந்ததும் பக்கத்து ரூட்டர் நம் ரூட்டுகளை அழிக்காமல், 'பழையவை' என்று குறித்துவைத்துத் தொடர்ந்து பயன்படுத்தும். நாம் திரும்பி வந்து, ரூட்டுகளை மறுபடி அனுப்பி, 'என் பட்டியல் முடிந்தது' என்ற அடையாளச் செய்தியை அனுப்பியதும், புதுப்பிக்கப்படாத பழையவற்றை மட்டும் நீக்கும். திரும்பி வந்த ரூட்டரும் எல்லாரிடமிருந்தும் அந்த முடிவு அடையாளம் வரும்வரை தன் தேர்வைத் தள்ளிப்போடும். அதுவரை கெர்னல் பழைய டேபிளோடு ஓடும். முதல் இரவின் இரண்டாவது தடங்கலுக்கு நேர் மருந்து இது.

கிழக்கின் கான்ஃபிகில் மாற்றங்கள் அதிகமில்லை. பிஜிபி, ஓஎஸ்பிஎஃப், கெர்னல் ஆகிய மூன்று பகுதிகளிலும் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டை இயக்கினார்கள். சேவையை நிறுத்தும் கட்டளையை மாற்றினார்கள்: வழக்கமான நிறுத்தத்துக்குப் பதிலாக பேர்டின் 'கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்' கட்டளை. அதைக் கொடுத்தால் பேர்ட் முடிவு அறிவிப்பு அனுப்பாது, கெர்னல் ரூட்டுகளைத் துடைக்காது. தொடங்கும் கட்டளையில் '-ஆர்' என்ற விருப்பத்தைச் சேர்த்தார்கள். மீட்பு நிலையில் எழ வேண்டும் என்று பேர்டுக்குச் சொல்வது அதுதான்.

நேரத்தை 120-இலிருந்து 600 ஆக்கலாம், பாதுகாப்பாக இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. நான் வேண்டாம் என்றேன். நாம் உண்மையிலேயே திரும்பி வராமல் போனால், பக்கத்து ரூட்டர் அத்தனை நொடியும் டிராஃபிக்கைப் படுகுழியில் கொட்டிக்கொண்டிருக்கும். ஹோல்டு டைமை (பக்கத்து ரூட்டரிடமிருந்து செய்தி வராவிட்டால் செஷனை முடிக்குமுன் காத்திருக்கும் நேரம்) மீறாமல் வைத்துக்கொள்வது நல்லது என்பதே ஆர்எஃப்சியின் பரிந்துரையும். 4 நொடியில் எழும் மென்பொருளுக்கு 120-ஏ தாராளம்.

மறுபக்கம் ஒப்புக்கொள்ளாவிட்டால் இதெல்லாம் வீண். முதல் அப்ஸ்ட்ரீம் 'ஏற்கெனவே ஆன்லதான் இருக்கு சார்' என்றது. பிபிபிஓஇ சர்வர்களில் ஓஎஸ்பிஎஃப் ஹெல்பர் (மறுதொடக்கம் ஆகும் பக்கத்து ரூட்டருக்காகக் காத்திருப்பது) வசதி அணைந்து கிடந்தது; இயக்கினார்கள். இது சின்ன வேலை போலத் தெரியும், ஆனால் இதை விட்டிருந்தால் மொத்த ஏற்பாடும் பயனற்றது. பிஜிபி பொறுமையாகக் காத்திருக்க, உள்ளே ஓஎஸ்பிஎஃப் கிழக்கைத் தூக்கி எறிந்துவிடும். கிழக்கின் முகவரியே எட்டாமல் போன பிறகு பிஜிபி பிடித்துவைத்திருக்கும் ரூட்டுகளால் யாருக்கு லாபம்?

இரண்டாவது அப்ஸ்ட்ரீம் முடியாது என்றது. வாடிக்கையாளர் ரூட்டர் செத்தால் பிஎஃப்டி (பக்கத்து ரூட்டர் உயிரோடு இருக்கிறதா என்று இடைவிடாமல் சோதிக்கும் நெறிமுறை) மூலம் ஒரு நொடிக்குள் கண்டுபிடித்து வழியை மாற்றுவதுதான் தங்கள் கொள்கை, செத்த ரூட்டை வைத்துக் காத்திருப்பது அதற்கு நேர் எதிர் என்றார் அவர்களின் பொறியாளர். நியாயமான பேச்சு. நாங்கள் வற்புறுத்தவில்லை.

ஒத்திகை

கிழக்கையும் அதன் அண்டை ரூட்டர்களையும் மெய்நிகர் கணினிகளாக அமைத்து ஒத்திகை பார்த்தோம். பேர்டை நிறுத்திய ஒரு நொடியிலேயே மேற்கு ரூட்டர் கிழக்கின் ரூட்டுகளைக் கைவிட்டது. காரணம் பிஎஃப்டி. கிழக்கு-மேற்கு பிஜிபி செஷனுக்குத் துணையாக அது ஓடிக்கொண்டிருந்தது. பேர்டில் பிஎஃப்டியும் அதே மென்பொருளுக்குள்ளேயே ஓடுவதால், பேர்ட் நின்றால் அதுவும் நிற்கும். 'ரூட்டிங் மென்பொருள் நின்றது' என்பதையும் 'ரூட்டரே போய்விட்டது' என்பதையும் மேற்கால் பிரித்துப் பார்க்க முடியாது. பேர்டில் இதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது: பிஎஃப்டி விழுந்தால் செஷனை முழுதாக உடைக்காமல் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டாக எடுத்துக்கொள் என்பது. அதை இரு பக்கமும் வைத்ததும் சரியானது. விலை இல்லாமல் இல்லை. கிழக்கு உண்மையிலேயே செத்தாலும் மேற்கு இனி இரண்டு நிமிடம் காத்திருக்கும்.

இன்னொன்றையும் வேண்டுமென்றே செய்துபார்த்தோம். கிழக்கு மீட்பு நிலையில் இருக்கும்போது உள்ளே ஒரு இணைப்பைத் துண்டித்தோம். உடனே ஓஎஸ்பிஎஃப் ஹெல்பர்கள் காத்திருப்பதைக் கைவிட்டு மேற்குக்கு மாறின. முதல் பார்வைக்குத் தோல்வி போலத் தெரிந்தாலும் அதுதான் சரியான நடத்தை. வரைபடம் மாறிவிட்டது, கிழக்குக்கோ அது தெரியாது. பழைய வழியில் அனுப்பிக்கொண்டே இருந்தால் பாக்கெட்டுகள் வட்டமடிக்கும்.

இரண்டாவது மறுதொடக்கம்

அடுத்த பேர்ட் பதிப்பு வந்தபோது புதிய முறையில் செய்தார்கள். பிங் கண்காணிப்பில் ஒரு பாக்கெட்கூடத் தவறவில்லை. அலுவலகங்களிலிருந்து அழைப்பும் இல்லை. ஆனால் பேர்டின் நிலையைக் கேட்டபோது வந்த பதில் கவலை தந்தது. மீட்பு இன்னும் நடக்கிறது, ஒரு சேனலுக்காக (ஒரு செஷனின் ரூட் பரிமாற்றத்துக்காக) காத்திருக்கிறேன், 240 நொடி டைமர் இன்னும் முடியவில்லை என்றது. மீண்டும் கேட்டாலும் அதே பதில். அப்ஸ்ட்ரீம், மேற்கு எல்லாம் எப்போதோ வந்து முடிவு அடையாளமும் கொடுத்துவிட்டன. யாருக்காகக் காத்திருக்கிறது?

பரிமாற்ற மையத்தில் முன்பு பியராக இருந்த ஒரு நிறுவனம் வெகு நாட்களுக்கு முன்பே வெளியேறியிருந்தது. அதன் செஷன் வரி மட்டும் கான்ஃபிகில் மிச்சம். எழவே போகாத அந்தச் செஷனின் முடிவு அடையாளத்துக்காக பேர்ட் 240 நொடியும் காத்திருந்து, டைமர் முடிந்த பிறகே கெர்னலைப் புதுப்பித்தது. அந்த நான்கு நிமிடமும் கிழக்கு பழைய டேபிளை வைத்து ஓடியது. வெளியே எதுவும் மாறாததால் சேதமில்லை. நம்மிடமிருந்து பட்டியல் வராமல் பக்கத்து ரூட்டர்கள் பழைய ரூட்டுகளை எவ்வளவு நேரம் வைத்திருக்கும் என்பதற்கும் எல்லை உண்டு. சிஸ்கோவில் இயல்பாக 360 நொடி, ஜூனிப்பரில் 300. நம் 240 அதற்குள் அடங்கியது. ஆனால் இடைவெளி பெரிதில்லை.

இன்னொரு ஓட்டை மறுநாள் கிராஃப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஐபிவி6 (ஐபிவி4-க்கு அடுத்த தலைமுறை இணைய முகவரி முறை) டிராஃபிக் மறுதொடக்கத்தின்போது விழுந்து எழுந்திருக்கிறது. பேர்டில் ஐபிவி4-க்கும் ஐபிவி6-க்கும் கெர்னல் பகுதி தனித்தனியாக எழுத வேண்டும். ஐபிவி4 பகுதியில் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டை இயக்கியவர்கள் மற்றதை விட்டுவிட்டார்கள். அங்கே பேர்ட் எழுந்ததும், பிஜிபி வரும்முன்பே கெர்னலைத் தன் காலி டேபிளோடு ஒத்திசைத்துவிட்டது. யாரும் புகார் செய்யாததற்குக் காரணம், போன்களும் பிரவுசர்களும் ஐபிவி6 கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் ஐபிவி4-க்கு மாறிக்கொள்ளும். பிங் கண்காணிப்பும் ஐபிவி4-ஐ மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. 'ஒரு பாக்கெட்கூடத் தவறவில்லை' என்பது பாதி உண்மை.

மெஷினையே ரீபூட் செய்த இரவு

சில வாரங்கள் கழித்து லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு திருத்தம் வந்தது. இதற்கு பேர்டை மட்டும் மறுதொடக்கம் செய்தால் போதாது, சர்வரையே ரீபூட் செய்ய வேண்டும். இரவுப் பணியில் இருந்த இளம் பொறியாளர் நெட்வொர்க் தலைவரைப் போனில் கேட்டார்: 'அண்ணா, கிரேஸ்ஃபுல்தான் இருக்குல்ல, கிழக்க அப்படியே ரீபூட் போட்டுடட்டுமா?' தூக்கக் கலக்கத்தில் இருந்தவர் 'போடு தம்பி' என்றார்.

கிழக்கு வழியாகப் போன எல்லாமே நின்றது. இரண்டு நிமிடம், பிறகு தானாகச் சரியானது. சர்வர் அப்போது இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அதன் நினைவகச் சோதனை முடியவே நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

பதிவைப் பார்த்தால் தடங்கல் 120 நொடி. தடங்கல் இப்படி உருண்டையான எண்ணில் முடிந்தால் கேபிளைச் சந்தேகிப்பதில் பயனில்லை, யாரோ வைத்த டைமரைத்தான் தேட வேண்டும்.

நடந்தது இதுதான். ரீபூட் கட்டளை வந்ததும் இயங்குதளம் எல்லாச் சேவைகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தியது. பேர்டின் நிறுத்தும் கட்டளை இப்போது கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட். தான் மட்டும் போகிறதா, மெஷினே போகிறதா என்று அதற்குத் தெரியாது. ஆகவே பக்கத்து ரூட்டர்களிடம் 'காத்திருங்கள்' என்று சொல்லிவிட்டுப் போனது. அடுத்த நொடிகளில் கெர்னலும் போனது. பாக்கெட்டை வாங்க யாருமில்லாத இடத்துக்கு அப்ஸ்ட்ரீம், மேற்கு, பிபிபிஓஇ சர்வர்கள் எல்லாரும் 120 நொடி விசுவாசமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கேபிள் நேராகக் கிழக்கில் செருகியிருந்தால் இணைப்பு விழுந்ததைப் பார்த்து மாறியிருப்பார்கள். ஆனால் எல்லாமே சுவிட்ச் வழியாக. கிழக்கின் போர்ட் விழுந்தாலும் அவர்கள் பக்கத்துப் போர்ட் பச்சையாகவே இருந்தது.

வழக்கமான நிறுத்தமே இருந்திருந்தால் இதைவிடக் குறைந்த சேதத்தோடு முடிந்திருக்கும். முதல் இரவின் முக்கால் நிமிடம், அவ்வளவுதான். டிஃபால்ட்டை ஏற்கெனவே திருத்திவிட்டதால் இரண்டாவது தடங்கல் வந்திருக்காது. தடங்கலைத் தவிர்க்க வைத்த ஏற்பாடு, தவறான இடத்தில் அதை நீட்டியது.

இன்னொரு விஷயம் அன்று சேதம் செய்யாமல் தப்பியது. சர்வர் எழுந்ததும் பேர்ட் '-ஆர்' விருப்பத்தோடுதான் தொடங்கியது, ஏனென்றால் அது தொடக்கக் கோப்பில் நிரந்தரமாக இருந்தது. மீட்பு நிலையில் எழும் ரூட்டர், செஷன் தொடக்கத்தில் 'என் ஃபார்வர்டிங் டேபிள் பத்திரமாக இருக்கிறது' என்று ஒரு பிட் மூலம் உறுதி சொல்லும். ரீபூட் ஆன மெஷினில் கெர்னல் டேபிள் காலி. பேர்ட் அதைச் சரிபார்ப்பதில்லை; '-ஆர்' கொடுத்தவர் தெரிந்துதான் கொடுத்திருப்பார் என்று எடுத்துக்கொள்ளும். 120 நொடி தாண்டி, எல்லாரும் பழைய ரூட்டுகளை அழித்த பிறகு வந்ததால் அந்தப் பொய்க்கு மதிப்பில்லாமல் போனது. ஒன்றரை நிமிடத்தில் எழும் வேகமான சர்வராக இருந்திருந்தால், பக்கத்து ரூட்டர்கள் அதை நம்பி, காலி டேபிளுக்கு இன்னும் சில நிமிடம் டிராஃபிக் அனுப்பியிருக்கும்.

பிறகு மாற்றியவை

மென்பொருள் மறுதொடக்கமும் மெஷின் ரீபூட்டும் இனி இரண்டு வேறு வேலைகள், இரண்டு வேறு நடைமுறைகள். இதில் குழுவுக்குள் விவாதம் இருக்கவில்லை. மனிதர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்று மட்டும் விட்டுவிடக் கூடாது என்பதில்தான் நேரம் போனது.

சேவையின் நிறுத்தும் கட்டளை பழையபடி வழக்கமான நிறுத்தமாகவே மாற்றப்பட்டது. கிரேஸ்ஃபுல் மறுதொடக்கத்துக்குத் தனியாக ஒரு ஸ்கிரிப்ட். அது முதலில் எல்லாச் செஷன்களையும் பார்க்கும். எழாத செஷன் ஒன்று இருந்தாலும், 'இதை நீக்கு அல்லது முடக்கு' என்று சொல்லி நின்றுவிடும். எல்லாம் சரியென்றால் ரன் கோப்புறையில் ஒரு காலிக் கோப்பை எழுதிவிட்டு, பேர்டுக்குக் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் கட்டளை கொடுக்கும். பேர்ட் தொடங்கும்போது அந்தக் கோப்பு இருந்தால் மட்டும் '-ஆர்' சேரும், கோப்பு அழிக்கப்படும். லினக்ஸில் ரன் கோப்புறை நினைவகத்தில் இருப்பது. ரீபூட் ஆனால் தானாகக் காலியாகிவிடும். கோப்பு இருக்கிறது என்பதே மெஷின் ரீபூட் ஆகவில்லை என்பதற்குச் சாட்சி. இந்த யோசனை, அன்று ரீபூட் கொடுத்த அதே இளம் பொறியாளருடையது. ஒட்டுமொத்த மாற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மெஷின் ரீபூட்டுக்கு ஆர்எஃப்சி 8326 சொல்லும் கிரேஸ்ஃபுல் ஷட்டவுன் முறை. பெயர் ஒத்திருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வேலை நேர் எதிர். ரீஸ்டார்ட் 'போகாதீர்கள், வருகிறேன்' என்கிறது; ஷட்டவுன் 'நான் இருக்கும்போதே வேறு வழிக்குப் போய்விடுங்கள்' என்கிறது. கிழக்கு தன் அறிவிப்புகளில் 65535:0 என்ற கம்யூனிட்டியை, அதாவது ரூட்டோடு ஒட்டிச் செல்லும் குறியீட்டை, சேர்த்து அனுப்பும். அதைப் பார்க்கும் அப்ஸ்ட்ரீம் அந்த ரூட்டின் முன்னுரிமையைத் தரைமட்டத்துக்கு இறக்கும். கிழக்கும் தான் பெற்ற ரூட்டுகளின் முன்னுரிமையை அதேபோல் இறக்கி மேற்குக்குக் கொடுக்கும். உள்ளே ஓஎஸ்பிஎஃப்-இல் கிழக்கு 'ஸ்டப் ரூட்டர்' ஆகி, தன் வழியாக எதுவும் போக வேண்டாம் என்று அறிவிக்கும். கிழக்கு கொடுக்கும் டிஃபால்ட்டும் நிறுத்தப்படும். பழைய வழி உயிரோடு இருக்கும்போதே புதிய வழி தேர்வாவதால் நடுவில் பள்ளம் இல்லை. கிராஃபில் கிழக்கின் டிராஃபிக் ஏறத்தாழ தரையைத் தொடும்வரை காத்திருந்து, பிறகு வழக்கமான நிறுத்தம், ரீபூட். எழுந்த பிறகும் இந்த ஏற்பாடுகளை உடனே விலக்குவதில்லை. முழு டேபிள் வந்து கெர்னலில் ஏறிவிட்டது என்று பார்த்த பிறகுதான் ஒவ்வொன்றாக விலக்குகிறார்கள்.

முதல் அப்ஸ்ட்ரீம் 65535:0-ஐ மதிக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்தார்கள். இரண்டாவது மதிப்பதில்லை, ஆனால் முன்னுரிமையைக் குறைக்கத் தங்களுக்கென்று ஒரு கம்யூனிட்டி வைத்திருக்கிறது, மேற்கு அதைப் பயன்படுத்துகிறது. கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டுக்கு மறுத்தவர்கள் இதற்குத் தயக்கமே காட்டவில்லை.

ஐபிவி6 கெர்னல் பகுதி திருத்தப்பட்டது; பிங் கண்காணிப்பு இப்போது இரண்டையும் பார்க்கிறது. பராமரிப்பு நேரம் இரவு 2-இலிருந்து காலை 5.30-க்கு மாறியது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது மாலை கடந்திருக்கும், நம் வீடுகளில் இன்னும் போனைக் கையில் எடுத்திருக்க மாட்டார்கள். நுட்ப மாற்றங்களைவிட இந்த ஒன்றுக்காகத்தான் மெடிக்கல் கோடிங் அலுவலகம் நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பியது.

அதன் பிறகும் மிச்சமும்

இந்த மாற்றங்களுக்குப் பிறகு நடந்த பேர்ட் மறுதொடக்கத்தில் மீட்பு நிலை, முழு டேபிள் வந்திறங்கிய சில நிமிடங்களிலேயே, 240 நொடி டைமர் முடிவதற்குள் தானாக முடிந்தது. ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும் தடங்கல் பதிவாகவில்லை. கிழக்கின் அடுத்த ரீபூட்டிலும் வாடிக்கையாளர் பக்கம் எதுவும் தெரியவில்லை. டிராஃபிக்கை வடித்து, ரீபூட் செய்து, திரும்பக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆனது. முன்பு பத்து நிமிட வேலை. இரவுப் பணியாளர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள்.

பரிமாற்ற மையத்தின் நேரடிப் பியர்களில் சிலரிடம் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் இல்லை. பேர்ட் மறுதொடக்கத்தின்போது அவர்களின் செஷன் வழக்கம்போல அறுந்து, அவர்கள் அனுப்பும் டிராஃபிக் சில நிமிடம் அப்ஸ்ட்ரீமைச் சுற்றி வருகிறது. இதைக் குழு அப்படியே விட்டுவிட்டது. கிழக்குக்கு மின்சாரமே போனால் என்ன ஆகும் என்ற கேள்வி அப்படி விடக்கூடியதில்லை. 4724-இன் விதிப்படி, ஹோல்டு டைமர் முடிந்து பக்கத்து ரூட்டர் தானே செஷனை முடித்தால் பழைய ரூட்டுகளை வைத்திருக்காது. 2019-இல் வந்த ஆர்எஃப்சி 8538 அந்த நிலையிலும் வைத்திருக்க வழிசெய்கிறது. முதல் அப்ஸ்ட்ரீம் தன் ரூட்டர்களைப் புதுப்பிக்கும்போது அதை இயக்கி, நம் பக்கமும் அதை ஒப்புக்கொண்டால், கிழக்கு செத்த பிறகு ஹோல்டு டைமரோடு இன்னும் 120 நொடி கூடும். அதை இயக்க வேண்டாம் என்று கேட்பதா, அல்லது அந்தச் செஷனுக்கான நேரத்தை 30 நொடியாகக் குறைப்பதா என்பது அடுத்த பராமரிப்புக்கு முன் முடிவாக வேண்டும். 4 நொடியில் எழும் பேர்டுக்கு 30 போதும் என்பது என் கருத்து. நெட்வொர்க் தலைவர் இன்னும் 60-இல் நிற்கிறார்.